சோத்தையே மறைச்ச பூசணிக்காய்: செட்டோஉச்சி கலைத் திருவிழான்னா என்ன?

கடல் ஓரத்துல ஒரு சின்ன சிமெண்ட் துறை, அதோட நுனியில கறுப்புப் புள்ளி வச்ச ஒரு பெரிய மஞ்சள் பூசணிக்காய். ரீல்ஸ் பாக்குறவங்க இதை எங்கயாவது பாத்திருப்பீங்க. கூடவே ஒரு கேப்ஷனும் வரும், ஆள் இல்லாம செத்துக்கிட்டிருந்த ஜப்பான் தீவுகளை கலை காப்பாத்திடுச்சு, பத்து லட்சம் பேர் வர்றாங்க, அப்படின்னு. இதைப் பாத்துட்டு நிறைய பேருக்கு குழப்பம். பூசணிக்காயைப் பாக்கவா பத்து லட்சம் பேர்? அது மியூசியமா திருவிழாவா? கிராமம் நிஜமாவே பிழைச்சுதா இல்ல டூரிசம் விளம்பரமா?

முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுன்னு நாம சொல்லுவோம், இங்க பூசணிக்காய் தான் சோத்தையே மறைச்சு நிக்குது. சோறுன்னா இங்க செட்டோஉச்சி கலைத் திருவிழா, இந்தத் தீவுகள்ல மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குறது. அதனால பூசணியை ஓரமா வச்சுட்டு அடியில இருந்து பாப்போம்.

முதல்ல இடம்

ஜப்பானோட பெரிய தீவான ஹோன்ஷு, தெற்குல ஷிகோகு, மேற்குல கியூஷு, இந்த மூணுக்கும் நடுவுல அடைஞ்சு கிடக்குற கடல் தான் செட்டோ உள்நாட்டுக் கடல், இதைச் சுத்தின பகுதிக்குத் தான் செட்டோஉச்சின்னு பேரு. சின்னதும் பெருசுமா எழுநூறுக்கு மேல தீவுகள். அழகுக்குக் குறைச்சல் இல்ல, 1934லயே ஜப்பானோட முதல் தேசியப் பூங்காக்கள்ல ஒண்ணா இதை அறிவிச்சாங்க. திருவிழா நடக்குறது இந்தக் கடலோட கிழக்குப் பக்கம், ககாவா மாகாணத்தைச் சுத்தி. ககாவா தான் ஜப்பான்லயே பரப்பளவுல சின்ன மாகாணம், அதோட தலைநகரம் தகமட்சு, அங்க இருக்குற துறைமுகத்துல இருந்து தான் பெரும்பாலான தீவுகளுக்குப் படகு கிளம்பும். எதிர்க்கரையில ஒகயாமா மாகாணத்தோட ஊனோ துறைமுகம்.

இந்தத் தீவுகள்ல பெருசு ஷோடோஷிமா, சோயா சாஸ், சோமென்னு ஒரு மெல்லிசு நூடுல்ஸ், ஆலிவ் தோட்டம்னு தொழில் உள்ள ஊரு. நவோஷிமால 3,000 பேர் அளவு. ஓகிஜிமால இருநூறு பேர் கூட கிடையாது. இனுஜிமால சில டஜன் பேர் தான், பெரும்பாலும் வயசானவங்க. இந்த அளவை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி பத்து லட்சம்னு ஒரு எண் வரும்போது இது தேவைப்படும்.

கடல் எப்படி கெட்டுச்சு

திருவிழாவோட அதிகாரபூர்வ கொள்கை வாசகம் "கடலுக்கு அதோட பழைய மதிப்பைத் திருப்பிக் குடுக்குறது"ங்கிற அர்த்தத்துல வரும். கேக்க பேனர் வாசகம் மாதிரி தான் இருக்கு. ஆனா மதிப்பு எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சா அது வெறும் வாசகமா தெரியாது.

1. புகை. இனுஜிமால 1909ல ஒரு செம்பு உருக்காலை கட்டுனாங்க, பத்தே வருஷத்துல விலை விழுந்து 1919ல மூடிட்டாங்க, புகைக்கூண்டுகள் மட்டும் நின்னுச்சு. நவோஷிமால 1917ல வந்த உருக்காலை வேலை குடுத்துச்சு, கூடவே தீவோட வடக்குப் பக்கத்து மலையை மொட்டையும் அடிச்சுது. நகரத்துல வச்சா ஜனங்க சண்டைக்கு வருவாங்கன்னு நினைச்ச தொழிலை எல்லாம் தீவுல கொண்டு வச்சாங்க, சுருக்கமா சொன்னா அவ்ளோதான்.

2. சிவப்பு அலை. கரையோரத் தொழிற்சாலைக் கழிவும் ஊர்க் கழிவும் கடல்ல கலந்து பாசி பொங்கி தண்ணி சிவந்து போறது. 1972ல ஒரே ஒரு தடவை வந்த சிவப்பு அலையில கூண்டுல வளர்த்த புரிங்கிற வகை மீன் 1 கோடியே 40 லட்சம் செத்து மிதந்துச்சு. அடுத்த வருஷமே இந்தக் கடலுக்குன்னு தனிச் சட்டம் போட வேண்டியதாயிடுச்சு.

3. குப்பை. தெஷிமாங்கிற தீவோட பேரை எழுதுற எழுத்துக்கு வளம், செழிப்புன்னு அர்த்தம். ஊத்துத் தண்ணி உண்டு, படிக்கட்டு வயல்ல நெல் விளையும். அங்க ஒரு கம்பெனி மண்புழு வளர்க்கப் போறேன்னு மாகாண அரசுகிட்ட லைசென்ஸ் வாங்கிட்டு, நொறுக்குன கார் உதிரி, பிளாஸ்டிக், எண்ணெய்க் கழிவுன்னு கொண்டு வந்து வருஷக்கணக்கா கொட்டி எரிச்சுது. ஊர்க்காரங்க கத்திக் கத்திப் பாத்தாங்க, சொந்த மாகாண அரசு கண்டுக்கல, கடைசில 1990ல பக்கத்து ஹ்யோகோ மாகாணப் போலீஸ் வந்து ரெய்டு பண்ணி தான் நிறுத்துனாங்க. அதுக்கப்புறமும் குப்பையை யார் அள்றதுன்னு பத்து வருஷம் போராட்டம், 2000ல தான் சமரசம் ஆச்சு, ஆளுநர் நேர்ல மன்னிப்பு கேட்டார். விஷம் ஏறின மண்ணையும் சேத்து கிட்டத்தட்ட 9 லட்சம் டன், அதுல பெரும்பகுதியைக் கப்பல்ல ஏத்தி நவோஷிமாவுக்குக் கொண்டு போய் உருக்கினாங்க, ஏத்தி முடிக்க 2017 ஆயிடுச்சு. அதாவது முதல் மூணு திருவிழா நடந்தப்போ பார்வையாளர்கள் ஒரு படகுல வந்துக்கிட்டு இருந்தாங்க, குப்பை இன்னொரு கப்பல்ல போய்க்கிட்டு இருந்துச்சு.

4. மனுஷங்க. ஓஷிமாங்கிற சின்னத் தீவுல 1909ல தொழுநோயாளிகளுக்குன்னு ஒரு காப்பகம் கட்டி, நோய் வந்தவங்களைக் கொண்டு போய் அடைச்சாங்க. மருந்து வந்து நோய் குணமாகுற காலம் வந்தப்புறமும் சட்டம் மாறல, தனிமைப்படுத்துற அந்தச் சட்டத்தை ரத்து பண்ணது 1996ல தான். இந்தத் தீவுக்கு கடைசில திரும்பி வர்றேன்.

பூசணி எப்படி வந்துச்சு

1985ல நவோஷிமா மேயரும், ஒகயாமால பாடப்புத்தகம், அஞ்சல்வழிக் கல்வின்னு தொழில் பண்ண ஃபுகுதாகே தெட்சுஹிகோவும் சந்திச்சு, தீவோட தெற்குப் பக்கத்துல பசங்களுக்கு ஒரு கேம்ப் இடம் கட்டலாம்னு பேசினாங்க. அடுத்த வருஷமே அவர் இறந்துட்டார், மகன் சோயிச்சிரோ அந்த வேலையைக் கையில எடுத்தார். அந்தக் கம்பெனி தான் பின்னாடி பெனெஸ்ஸேன்னு பேர் மாத்திக்கிச்சு. 1989ல கேம்ப், 1992ல கட்டடக் கலைஞர் ஆண்டோ தாதாவோ கட்டின மியூசியமும் ஹோட்டலும் சேர்ந்த பெனெஸ்ஸே ஹவுஸ், 1994ல ஒரு வெளிப்புறக் கண்காட்சிக்காக குசாமா யாயோய் செஞ்ச மஞ்சள் பூசணி, 2004ல மண்ணுக்குள்ள புதைச்ச மாதிரி சிச்சூ மியூசியம். அதனால பூசணி திருவிழாவை விட 16 வயசு மூத்தது, திருவிழா இல்லாத நாள்லயும் அங்க தான் உக்காந்திருக்கும் (2021 ஆகஸ்ட்ல புயல் அடிச்சு கடல்ல இழுத்துட்டுப் போயிடுச்சு, 2022 அக்டோபர்ல புதுசு வச்சாங்க, அந்த வருஷக் கோடைத் திருவிழாவுக்குப் போனவங்க வெறும் சிமெண்ட் துறையைத் தான் பாத்துட்டு வந்தாங்க).

ஆனா என்னைக் கேட்டா திருப்பம் பூசணி இல்ல, 1998ல வந்த கதோயா. நவோஷிமால ஹொன்முரான்னு பழைய குடியிருப்பு, அங்க ஆள் இல்லாம கிடந்த இருநூறு வருஷப் பழைய வீடு ஒண்ணை சரி பண்ணி உள்ள தண்ணித் தொட்டி மாதிரி செஞ்சாங்க. தண்ணிக்குள்ள 125 சின்ன எல்ஈடி எண் பலகைகள், ஒவ்வொண்ணும் 1லேர்ந்து 9 வரைக்கும் தன் வேகத்துல எண்ணிக்கிட்டே இருக்கும். கலைஞர் மியாஜிமா தாட்சுவோ அந்த வேகத்தை தானா முடிவு பண்ணல, ஊர்க்காரங்க 125 பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்து உங்க இஷ்டத்துக்கு வைங்கன்னு விட்டுட்டார், அஞ்சு வயசுப் பிள்ளைலேர்ந்து 95 வயசுப் பெரியவர் வரைக்கும். அதுவரைக்கும் கலைன்னா தெற்குப் பக்கத்துல பணக்காரக் கம்பெனி கட்டின கட்டடம், அதுக்கப்புறம் "அந்த மூலையில மெதுவா ஓடுதே அது எங்க பாட்டி வச்சது"ன்னு காட்டக்கூடிய ஒண்ணு ஊருக்குள்ளயே வந்துடுச்சு. திருவிழாவுக்கான யோசனை முழுக்க இந்த வீட்டுல இருக்கு.

சரி, திருவிழான்னா என்ன? நாலு வார்த்தை தெரிஞ்சா போதும்

1. ட்ரியென்னாலே. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குறது. முதல் தடவை 2010 ஜூலை 19ல ஆரம்பிச்சுது, ஜப்பான்ல அன்னைக்கு கடல் தினம், அரசு விடுமுறை. அப்புறம் 2013, 2016, 2019, 2022, 2025. நடத்துறது ஒரு செயற்குழு, தலைவர் ககாவா ஆளுநர். சோயிச்சிரோ தான் பொதுத் தயாரிப்பாளர். பொது இயக்குநர் கிதகவா ஃப்ராம், இவர் ஏற்கனவே 2000லேர்ந்து நீகாதா மாகாணத்துப் பனி மலைக் கிராமங்கள்ல எச்சிகோ-ட்சுமாரின்னு இதே மாதிரி ஒரு திருவிழா நடத்தி அனுபவப்பட்டவர்.

2. பருவம். 2010ல கோடைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் ஒரே மூச்சுல 105 நாள் நடத்துனாங்க, எல்லாருக்கும் நாக்கு தள்ளிடுச்சு. 2013லேர்ந்து வசந்தம், கோடை, இலையுதிர் காலம்னு மூணா பிரிச்சாச்சு, நடுவுல இடைவெளி. சில தீவுகள் ஏதாவது ஒரு பருவத்துல மட்டும் தான் கலந்துக்கும்.

3. பாஸ்போர்ட். எல்லாத்துக்கும் பொதுவான டிக்கெட். சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும், ஒவ்வொரு படைப்புக்கிட்டயும் முத்திரை குத்திப்பாங்க. பெரிய மியூசியங்கள் சிலதுக்கு தனி டிக்கெட்.

4. கோஎபி. சின்ன இறால்னு அர்த்தம், தொண்டர் படையோட பேரு. டிக்கெட் பாக்குறது, புல் வெட்டுறது, கலைஞருக்குக் கூடமாட வேலை செய்யுறது, பெரியவங்களோட உக்காந்து கதை பேசுறது எல்லாம் இவங்க தான். திருவிழா இல்லாத வருஷங்கள்லயும் தீவுகளுக்குப் போய்ட்டு வர்றது இவங்க வேலைல சேர்த்தி, இது சின்ன விஷயமா தெரியலாம் ஆனா ஊர்க்காரங்க நம்புறதுக்கு முக்கியக் காரணம் இது தான்.

என்ன தான் காட்டுறாங்க

நிறைய. எனக்குப் பிடிச்ச ரெண்டை மட்டும் சொல்றேன்.

தெஷிமா ஆர்ட் மியூசியம், 2010. கட்டடம் நிஷிசாவா ரியூஏ, உள்ள இருக்குற ஒரே படைப்பு நைதோ ரெய்யோடது. தண்ணிச் சொட்டு ஒண்ணு தரையில விழுந்த மாதிரி வெள்ளைக் கான்கிரீட் ஓடு, சுமார் 60 மீட்டர் நீளம் 40 மீட்டர் அகலம், உள்ள ஒரு தூண் கிடையாது. எப்படிக் கட்டினாங்கன்னா மண்ணைக் குவிச்சு அந்த வடிவத்துக்குத் தட்டி அது மேல கான்கிரீட்டை ஊத்தி, இறுகினப்புறம் உள்ள இருந்த மண்ணை எல்லாம் வாரி வெளிய போட்டாங்க. மேல ரெண்டு பெரிய ஓட்டை, மழை, காத்து, பூச்சி எல்லாம் உள்ள வரும். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனா ஒண்ணுமே இருக்காது. உக்காந்து பாத்தா தரையில கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டைகள்லேர்ந்து தண்ணி முத்து முத்தா கசியும், ஒரு முத்து ஊர்ந்து இன்னொண்ணோட சேரும், கனம் தாங்காம சட்டுனு பாம்பு மாதிரி ஓடி பள்ளத்துல கலந்துடும். அவ்ளோதான் படைப்பு. தண்ணிக்குப் பேர் போன தீவு, தண்ணியும் மண்ணும் கெட்டுப் போய் வருஷக்கணக்கா போராடின தீவு, அங்க போய் தண்ணியை மட்டும் காட்டுறதுங்கிறது தெரிஞ்சா தான் அந்த முத்து ஓடும்போது உள்ளுக்குள்ள ஏதோ பண்ணும்.

இன்னொண்ணு ஓகிஜிமால. ஊர் முழுக்க செங்குத்தான சந்து, கார் போகாது. வயசானவங்க சாமான் ஏத்த ஒரு தள்ளுவண்டி வச்சிருப்பாங்க, பேரு ஓன்பா. கலைஞர்கள் குழு ஒண்ணு அந்த வண்டிகளுக்கு ஒரு பட்டறை போட்டுது, உடைஞ்ச சக்கரத்தை மாத்தி, பெயிண்ட் அடிச்சு, அவங்கவங்களுக்குப் பிடிச்ச உருவம் செஞ்சு குடுத்தாங்க. பாட்டி கடைக்குப் போயிட்டு தன் ஓன்பாவைத் தள்ளிக்கிட்டு வருது, டூரிஸ்ட் வழி விட்டு நிக்குறான், அது தான் கண்காட்சி. இதுல கலை எங்கன்னு கேட்டா கேட்டுட்டுப் போங்க, திருவிழா முடிஞ்சப்புறமும் வண்டி ஓடுதுல்ல.

கோடைல ஏன், அந்த வெயில்லயா?

ஆகஸ்ட் செட்டோஉச்சில வெயிலும் புழுக்கமும் மண்டையைப் பொளக்கும், சென்னைக்காரங்களே பொறுமை இழப்பாங்க. வசந்தமும் இலையுதிர் காலமும் தான் சுத்திப் பாக்க சுகம். இருந்தும் கோடைப் பருவத்தை விடாம வச்சிருக்குறதுல கணக்கு இருக்குன்னு தான் நான் நினைக்கிறேன்.

1. பள்ளி, காலேஜ் லீவு. குடும்பமா வர்றவங்களுக்கும் தொண்டர் வேலை பாக்குற மாணவர்களுக்கும் இது தான் வசதி.

2. ஓபோன். ஆகஸ்ட் நடுவுல வர்ற பண்டிகை, செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு வர்றாங்கன்னு நம்பிக்கை, அதனால ஒசாகா, டோக்கியோன்னு போனவங்க எல்லாம் சொந்த ஊருக்கு வருவாங்க. வருஷத்துல தீவுல சின்னப் பசங்க சத்தம் கேக்குற சில நாட்கள். அந்த நேரத்துல ஊர்க்காரனே ஊரை வெளியூர்க்காரன் கண்ணால பாக்குறான், நாம விட்டுட்டுப் போன வீட்டு வாசல்ல க்யூ நிக்குதேன்னு. பின்னாடி வர்ற ஓகிஜிமா பள்ளிக்கூடக் கதைக்கும் இந்த மாதிரி ஊர் திரும்பல் தான் ஆரம்பம்.

3. கோடைக்குன்னு புது கரையோர ஊரைச் சேத்துக்க முடியுது. 2025 கோடைல ஷிகோகு கரையில இருக்குற ஹிகேதா சேர்ந்துச்சு, ஜப்பான்ல தயாராகுற கையுறைல பெரும்பங்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தான் வருது, புரி மீன் வளர்ப்பு 1928ல ஆரம்பிச்சதும் அங்க தான்.

எல்லாத்துக்கும் அடியில படகு

இது தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. 1910லேர்ந்து ஊனோவுக்கும் தகமட்சுவுக்கும் நடுவுல ரயில்வே கப்பல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1955ல ஷியூன் மாரூங்கிற கப்பல் மூடுபனில மோதி மூழ்கி 168 பேர் செத்தாங்க, அதுல நிறைய பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பசங்க. பாலம் வேணும்னு அன்னைக்கு கிளம்பின குரல் 1988ல செட்டோ பெரும்பாலமா முடிஞ்சுது. ரயிலும் காரும் பாலத்துல போக ஆரம்பிச்சாச்சு, ரெண்டு பெரிய கரையும் ஒட்டிக்கிச்சு, நடுவுல இருந்த தீவுகள் ஓரமாயிடுச்சு. ரயில்வே கப்பல் போனப்புறமும் தனியார் ஓட்டிக்கிட்டு இருந்த ஊனோ-தகமட்சு ஃபெர்ரியையும் 2019 டிசம்பர்ல நிறுத்தியே விட்டாங்க.

இப்ப தீவுக்காரனோட நிலைமையை யோசிங்க. படகு இருந்தா தான் ஆஸ்பத்திரி, பள்ளி, மார்க்கெட். ஆள் குறைஞ்சா படகுக்குக் கட்டாது, படகு குறைஞ்சா இருக்குற ஆளும் கிளம்பிடுவான். இந்தச் சுழல்ல வெளியூர்க்காரன் காசைக் கொண்டு வந்து போடுறது தான் திருவிழாவோட உண்மையான வேலை. நவோஷிமா, தெஷிமா, இனுஜிமான்னு தீவுக்குத் தீவு நேரா போற படகு ஓடுறதுக்கு பெரிய காரணம் இந்தக் கலை பாக்குற கூட்டம் தான். ஓகிஜிமால இறங்கினதும் முதல்ல தெரியுற வெள்ளைக் கட்டடம், கூரை முழுக்க பல மொழி எழுத்துகள், ஸ்பெயின் கலைஞர் ஜாமே பிளென்சா செஞ்சது, அது ஊரோட படகுக் காத்திருப்புக் கூடம். கலைக்கூடமும் படகுத்துறையும் ஒண்ணுங்கிறதை இதை விட நேரா சொல்ல முடியாது.

இதுக்கு மறுபக்கம் உண்டு. தீவுகளுக்கு நடுவுல ஓடுறது பெரும்பாலும் சின்ன அதிவேகப் படகு, கூட்ட நாள்ல நிறைஞ்சுடும், அடுத்ததுக்கு மணிக்கணக்கா காத்திருக்கணும். கடைசிப் படகை விட்டா தங்க இடம் தேடுறது கஷ்டம்.

பத்து லட்சம்ங்கிற எண்ணை எப்படிப் படிக்கணும்

2010ல 3 லட்சம் பேர் வருவாங்கன்னு கணக்கு போட்டாங்க, வந்தது சுமார் 9.4 லட்சம். 2013ல 10.7 லட்சம், 2016ல 10.4, 2019ல 11.8. கோவிட் கெடுபிடி முழுசா போகாத 2022ல 7.2 லட்சம்.

ஆனா இது தலை எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொரு தீவுலயும் குறிப்பிட்ட சில இடங்கள்ல எண்ணிக் கூட்டுறது. ஒரே ஆள் நாலு தீவு போனா நாலு தடவை எண்ணப்படுவான். அதனால பத்து லட்சம் "பேர்" வந்தாங்கன்னு எழுதுறது தப்பு, பத்து லட்சம் "வருகை"ன்னு படிக்கணும். 2019ல மாகாணத்துக்கு வந்த பொருளாதாரப் பலன் 1,800 கோடி யென்னுன்னு ஒரு மதிப்பீடு, அதுலயும் பெரும்பகுதி ஹோட்டல், சாப்பாடு, போக்குவரத்துன்னு தகமட்சு மாதிரி நகரங்கள்ல இறங்குற காசு. தீவுல வெளியூர்க்காரன் ஒரு பகல் இருக்கான், ஒரு வேளை சாப்பிடுறான், குப்பையை விட்டுட்டுப் போறான்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது பொய் இல்ல.

அப்ப கிராமம் பிழைச்சுதா?

மக்கள்தொகைன்னு பாத்தா இல்ல. தீவுகள்ல சராசரி வயசு ஏறிக்கிட்டே தான் போகுது, செத்தவங்க எண்ணிக்கைக்கு ஈடா பிறக்கல. காப்பாத்திடுச்சுன்னு சொல்ற கேப்ஷன் அந்த வகையில பொய் தான்.

ஆனா ஓகிஜிமால ஒண்ணு நடந்துச்சு. படிக்க ஆள் இல்லாம மூடிக் கிடந்த தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் 2014 ஏப்ரல்ல திறந்துச்சு. 2013 திருவிழா சமயத்துல ஊர்ப்பக்கம் வந்து போன குடும்பங்கள், பள்ளி திறந்தா பிள்ளைகளோட குடிவர்றோம்னு நகராட்சிகிட்ட மனு குடுத்து, கையெழுத்து வாங்கி, விடாம நின்னாங்க. பசங்க எண்ணிக்கை கைவிரல்ல அடங்கிடும். அப்புறம் பாழடைஞ்ச வீடு ஒண்ணை அவங்களே சரி பண்ணி 2016ல நூலகம் ஆக்கினாங்க. இருநூறு பேர் இல்லாத ஊர்ல ஒரு குடும்பம் வர்றதுங்கிறது சதவீதக் கணக்குல சின்ன நகரத்துக்கு ஒரு தெருவே குடிவந்த மாதிரி. பக்கத்து மெகிஜிமாவுக்கும் அதே படகு தான், அதே திருவிழா தான், அங்க இப்படி ஆகல. அதனால கலை வச்சா ஆள் வரும்னு ஃபார்முலா போட முடியாது, வந்து போற படகும், வந்தவனை உக்கார வச்சுப் பேசுற ஊரும், திறந்து குடுக்க சம்மதிக்குற நகராட்சியும் ஒரே நேரத்துல அமையணும்.

ஓஷிமா

தொழுநோய்க் காப்பகம் இருக்குற தீவு முதல் திருவிழாலேர்ந்தே ஒரு நிகழ்விடம். 2010ல அங்க வச்ச பொருள்கள்ல ஒண்ணு கான்கிரீட்ல செஞ்ச பிணப் பரிசோதனை மேஜை, ஒரு காலத்துல காப்பகத்துல இறந்தவங்களை அறுத்துப் பாத்தது அது மேல தான். கடல்ல தூக்கிப் போட்டிருந்தாங்க, கரையோரத்துல கிடந்ததை எடுத்து வச்சாங்க. யாரும் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்குற பொருள் இல்ல.

தகமட்சுலேர்ந்து ஓஷிமாவுக்கு காப்பகத்தோட படகு ஓடுது, டிக்கெட் கிடையாது. குடியிருக்கறவங்க சில டஜன் பேருக்குக் குறைஞ்சுட்டாங்க, எல்லாருக்கும் நோய் எப்பவோ குணமாயிடுச்சு, சராசரி வயசு எண்பதைத் தாண்டிடுச்சு. காப்பகம் இருக்குறதால தான் அந்தப் படகு, அவங்க இருக்குறதால தான் காப்பகம். கடைசி ஆளும் போனப்புறம் அந்தப் படகை யார் கணக்குல ஓட்டுறதுங்கிற கேள்வி முன்னாடி நிக்குது, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் படகுல ஏறி இறங்குற வெளியூர்க் கூட்டம் தான் இப்போதைக்கு அதுக்கு இருக்குற ஒரே பதில்.